மூணு கோட்டுக்குக் கீழே

அந்த டிக்கெட் மெஷினைத் தட்டக் கூடாதுங்கக்கா. கண்டக்டர் அண்ணனைப் பாருங்க, உள்ளங்கையால தட்டிக்கிட்டே இருக்காரு. தட்டினா உள்ள இருக்கிற பேப்பர் சுருள்தான் விலகும். ஓரத்துல ஒரு சின்ன பட்டன் இருக்கு, அதை அழுத்திப் பிடிச்சாப் போதும், தானா சரியாயிடும். நான் எழுந்து போய்ச் சொல்லலாம்தான். சொன்னா, 'நீ யாரும்மா'ன்னு கேப்பாரு. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு யோசிக்கிறதுக்குள்ள அவரு பின்னாடி சீட்டுக்குப் போயிடுவாரு. அதான் பேசாம உக்காந்திருக்கேன்.

இல்லங்கக்கா, மெஷின் செய்யற கம்பெனி வேற. அதுக்குள்ள ஓடுற புரோகிராம் இருக்குல்ல, அதை எழுதுற எடத்துல எனக்கு வேலை. கோயமுத்தூர்ல. வந்து ஒரு வருசம் ஆகப் போகுது.

உங்க டிக்கெட்டைக் காட்டுங்க. சங்ககிரி. சரி, சின்னப் பேரு. என்னுதைப் பாருங்க. பாப்பிரெட்டிப்பட்டி. முழுசா இருக்கா? ஒரு எழுத்துக்கூடக் குறையலையே? முன்னாடியெல்லாம் 'பாப்பிரெட்'டோட நின்னுடும். மிச்சம் பேப்பருக்கு வெளிய போயிடும். பெரிய பேரு இருக்கிற ஊரு எல்லாத்துக்கும் அதே கதிதான். அதைச் சரி பண்ணினது நான். கம்பெனியில சேந்து நான் அனுப்பின முதல் பேட்ச் அது.

பேட்ச்னா... எப்படிச் சொல்றது. ரவிக்கை தைக்கக் குடுத்து வாங்குறீங்க, கை மட்டும் இறுக்கமா இருக்கு. முழுசையும் பிரிச்சா திரும்பத் தைப்பாங்க? கையை மட்டும் பிரி, இவ்வளவு விடுன்னு சொல்லி அனுப்புவீங்கல்ல. அது மாதிரிதான். எங்க புரோகிராம் ஒண்ணே ஒண்ணு, அதுல எல்லாரும் வேலை செய்யறோம். சென்னையில நெறைய பேரு, கோயமுத்தூர்ல நாங்க கொஞ்சம் பேரு. ஆளாளுக்கு நேரா உள்ள கை வெச்சா, ஒருத்தர் தெச்சதை இன்னொருத்தர் பிரிச்சுடுவாங்க. அதனால புதுசா வந்தவங்க பொதுப் பிரதியைத் தொடக் கூடாது. நம்ம மெஷின்ல, அதான் கம்ப்யூட்டர்ல, ஒரு பிரதி எடுத்து வெச்சுக்கிட்டு அதுல மாத்திப் பாக்கணும். அப்புறம் இந்த வரியை எடு, இந்த வரியைப் போடுன்னு ஒரு சின்ன ஃபைல் வரும், அதை மெயில்ல அனுப்பணும். ஃபைலோட தலையில எழுதினவங்க பேரு இருக்கும். பொறுப்புல இருக்கிறவரு படிச்சுப் பாத்து, சரின்னா பொதுப் பிரதியில ஒட்டுவாரு. ஒட்டினதுக்கப்புறம் அது அங்க நிரந்தரம். எழுதினது இன்னாரு, ஒட்டினது இன்னாருன்னு ரெண்டு பேரோட பேரும் அதுலயே நிக்கும். யாரும் அழிக்க முடியாது.

எங்கம்மாவுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுது, அழிக்க முடியாதுங்கறது. அம்மா மாம்பழக் கூழ் கம்பெனியில கொட்டை நீக்குற வேலை. வேலைக்குச் சேந்த அன்னைக்கே போன்ல கேட்டுச்சு, "அந்த டிக்கெட் மெஷின்ல உம் பேரு வருமாடி?" வராதும்மா, உள்ள இருக்கும்னேன். "உள்ள இருந்தா சரி. இருக்குதில்ல?" இருக்கும்மான்னேன். எங்க வீட்டுல காலேஜ் வாசப்படி மிதிச்சது நான் ஒருத்திதான். நான் சொன்னா நம்பிக்குவாங்க. அதனால நான் சொல்றது சரியா இருக்கணும். அந்தப் பயம் எனக்கு எப்பவும் உண்டு.

என் பேட்சை எல்லாம் பாத்து ஒட்டுறவரு ரூபன் சார். சென்னை ஆபீசு. நேர்ல பாத்ததில்ல. வாரா வாரம் திங்கக்கிழமை ஸ்கிரீன்ல மீட்டிங் நடக்கும், ஆனா யாரும் கேமரா போட மாட்டாங்க. ஒரு வட்டம், அதுக்குள்ள பேரோட முதல் எழுத்து, அவ்வளவுதான். அவரு எனக்கு ஒரு வட்டம். கொஞ்சம் சளி பிடிச்ச மாதிரி குரல் வரும். தூத்துக்குடிப் பக்கம்னு கேள்வி. என்னை விட ரெண்டு மூணு வயசுதான் கூட இருக்கும்னு அப்புறம் தெரிஞ்சுது. "சார் எல்லாம் வேணாம், ரூபன்னே சொல்லுங்க"ன்னாரு. சரிங்க சார்னேன்.

சிரிக்காதீங்கக்கா. வாயில வரலையே.

முதல் நாள் அவரு ஒரு ஷீட் அனுப்பினாரு. புதுசா வர்றவங்க மெஷினை எப்படித் தயார் பண்ணிக்கணும்னு, வரிசையா என்னென்ன அடிக்கணும்னு அவரு மெஷின்ல அடிச்சதையே எடுத்துப் போட்டிருந்தாரு. நான் ஒரு எழுத்து மாறாம அடிச்சேன். நான் அப்படித்தான். காலேஜ் லேப்ல பழகினது அது. ரெக்கார்டுல எப்படி இருக்கோ அப்படியே அடிக்கணும். ஒரு புள்ளி மாறினாலும் அவுட்புட் வராது, மேடம் வந்து பின்னாடி நிப்பாங்க. பாதிப் பேரு என்ன அடிக்கிறோம்னு தெரியாமலே அடிச்சு அவுட்புட் காட்டுவோம். தெரியலைன்னு கேட்டா, இதுகூடத் தெரியாதான்னு கேப்பாங்களே. ஷீட்டை ஒரு பக்கம் திறந்து வெச்சு, விரல் வெச்சு விரல் வெச்சு அடிச்சேன். எல்லாம் ஓடுச்சு. ஒரு தப்புகூடக் காட்டல. ரொம்பச் சந்தோசமா இருந்துச்சு.

நாலஞ்சு நாள் கழிச்சு அந்த ஊர்ப் பேரு பேட்சை அனுப்பினேன். அவரு பதில் போட்டாரு. நல்லா இருக்கு, ஒட்டியாச்சு, அப்புறம் 'உங்க மெஷின்ல பேர் சரியா இருக்கான்னு ஒருதடவை பாத்துக்கோங்க'ன்னு. நான் உடனே ஷீட்டை எடுத்து, ஷீட்டுல பேருன்னு இருக்கிற வரியையும் என் மெஷின்ல இருக்கிற வரியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுத்தெழுத்தா ஒப்பிட்டுப் பாத்தேன். ஒரு வித்தியாசமும் இல்ல. 'பாத்துட்டேன் சார். சரியா இருக்கு'ன்னு பதில் போட்டேன்.

அதுக்கப்புறம் அவரு அதைப் பத்திக் கேக்கவே இல்ல. இதை ஞாபகம் வெச்சுக்கோங்கக்கா. கேக்கவே இல்ல.

கோயமுத்தூர் ஆபீசு எப்படின்னு கேட்டீங்கல்ல. ஒரு பெரிய ஹால். நான் ஒரு ஓரம். அந்தப் பக்கம் பழுதான டிக்கெட் மெஷின் பாக்குற அண்ணனுங்க ரெண்டு பேரு, காதுல ஹெட்போன் மாட்டினா மாட்டினதுதான். காலைல வந்ததும் ஒரு தலையாட்டு, சாயங்காலம் போகும்போது ஒரு தலையாட்டு. ஹாஸ்டல்ல என் ரூம்ல இருக்கிற பொண்ணுக்கு ஆஸ்பத்திரியில நைட் டூட்டி, நான் போறப்ப அவ வருவா. சாப்பாட்டு மேசையில எல்லாரும் போனைப் பாத்துட்டே சாப்பிடுவாங்க. நானும் பாப்பேன். மெயில்தான் பாப்பேன். குறை சொல்லலக்கா. யாரும் தொந்தரவு பண்ணலைன்னா வேலை நல்லா நடக்கும்ல.

கடலை வேணாங்கக்கா, இப்பதான் சாப்பிட்டேன். நீங்க சாப்பிடுங்க.

அந்தப் பேட்ச் ஃபைல்ல ஒண்ணு இருக்கு. மேல பேரு, அப்புறம் எதுக்காக மாத்தினோம்னு ரெண்டு வரி, அதுக்குக் கீழ சின்னதா மூணு கோடு. அந்த மூணு கோட்டுக்குக் கீழ என்ன எழுதினாலும் ஒட்டும்போது உதிர்ந்துடும். பொதுப் பிரதியில சேராது. பாத்து ஒட்டுற ஆளு படிக்கிறதுக்கு மட்டும்னு வெச்ச எடம் அது. 'போன தடவை சொன்னதைத் திருத்திட்டேன்', 'இதை அவசரமாப் பாருங்க' இந்த மாதிரி எழுதிக்கலாம்.

ரூபன் சார் என் பேட்சுல எங்கயாவது ஓட்டை இருந்தா, அதைத் திருத்தி 'இப்படிப் பண்ணிப் பாருங்க'ன்னு எனக்கே திருப்பி அனுப்புவாரு. அந்த மூணு கோட்டுக்குக் கீழ ஏதாவது ஒரு வரி எழுதியிருப்பாரு. இங்கிலீஷ் எழுத்துல தமிழ். 'ரெண்டு மணி ஆச்சு, சாப்பிட்டீங்களா?' 'இங்க செம மழை. அங்க?' 'இந்த வரிய நீங்க எழுதினதுதான் நல்லா இருக்கு, நான் எழுதினத விட.' இப்படி. நான் அதுக்கெல்லாம் பதில் எழுதினதில்ல. வேலைக்கு சம்பந்தமில்லாதது. ஒரே ஒரு தடவை, அந்த மழை வரிக்கு, 'சார், மழை பற்றிய வரி தவறுதலாக வந்துள்ளது என நினைக்கிறேன், சரிபார்க்கவும்'னு எழுதி அனுப்பினேன். ஒருவேளை நான் ஒழுங்காப் படிக்கிறேனான்னு சோதிக்கிறாரோன்னு தோணுச்சு. அவரு, 'ஆமா, தவறுதான். இப்ப நின்னுடுச்சு'ன்னு பதில் போட்டாரு.

நீங்களும் சிரிக்கிறீங்க. அவரும் சிரிச்சிருப்பாரோ? எனக்குத் தெரியலையே. மெயில்ல எப்படிக்கா தெரியும்.

ஒருதடவை, 'இந்தப் பக்கம் வந்தா சொல்லுங்க, பீச்சுல மீன் வறுவல் நான் வாங்கித் தரேன்'னு இருந்துச்சு. 'சரிங்க சார், அடுத்த வெர்ஷனில் பார்க்கிறேன்'னு எழுதிட்டேன். ஏன் அப்படி எழுதினேன்னு எனக்கே தெரியல. எல்லாத்துக்கும் அப்படித்தான் எழுதிப் பழக்கம். அனுப்பினதுக்கப்புறம் ஹாஸ்டல் மொட்டைமாடியில போய் ரொம்ப நேரம் நின்னேன். இன்னொரு மெயில் போட்டு அதை மாத்தலாமான்னு. ஒரே நாள்ல ரெண்டு மெயில் போட்டா என்ன நெனைப்பாரு? விட்டுட்டேன்.

சரி, விசயத்துக்கு வர்றேன்.

ஆறு மாசம் முடியறப்ப நம்மளை நிரந்தரமாக்குறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க. அதுக்கு நாம என்னென்ன வேலை செஞ்சோம்னு நாமளே எழுதிக் குடுக்கணும். நான் ஒவ்வொரு வேலைக்கும் என் மெஷின்ல தனித்தனி ஃபோல்டர் வெச்சிருப்பேன். வேலை முடிஞ்சாலும் பழசை அழிக்க மாட்டேன், நாளைக்கு யாராவது கேட்டா? உக்காந்து ஒவ்வொண்ணாத் திறந்தேன். முதல்ல அந்த ஊர்ப் பேரு பேட்ச். எழுதினவர்: ரூபன். எனக்குப் புரியல. அடுத்தது, அரை டிக்கெட் பேட்ச். எழுதினவர்: ரூபன். அடுத்ததும் அதேதான். எல்லாத்துலயும் அவரு பேருதான், அவரு மெயில் ஐடிதான். ஒண்ணுலகூட மாதேஸ்வரின்னு இல்ல.

அம்மாகிட்ட உள்ள இருக்குன்னு சொல்லிட்டேனே. இத்தனை மாசமா ராத்திரி பகலா செஞ்சது அத்தனையும் அவரு பேர்ல. சாப்பிட்டீங்களான்னு கேட்டுக்கிட்டே. மழை பெய்யுதான்னு கேட்டுக்கிட்டே.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? அவருகிட்ட போன் பண்ணிக் கேப்பீங்களா? எனக்கு அது தோணல. தோணினாலும், எப்படிக் கேக்கிறது, 'சார், நீங்க திருடினீங்களா'ன்னா? காலேஜ்ல ஒரு சீனியர் அக்கா சொல்லிக் குடுத்திருந்தாங்க. ஆபீசுல பிரச்சினைன்னா வாயால சொல்லாத, மெயில் போடு, எல்லாரையும் காப்பியில வை. இல்லைன்னா நாளைக்கு நீ சொல்லவே இல்லைன்னு சாதிச்சுடுவாங்கன்னு. அதனால மேனேஜர் வைஜெயந்தி மேடத்துக்கு மெயில் எழுதினேன். மரியாதையாத்தான் எழுதினேன். 'என் பணிகள் அனைத்தும் திரு. ரூபன் அவர்களின் பெயரில் மாற்றப்பட்டுள்ளதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' ஃபோல்டர் ஒவ்வொண்ணையும் படம் பிடிச்சு சேத்தேன். எல்லாரையும் காப்பியில வெச்சேன். எல்லாரும்னா மொத்தக் கம்பெனியும்.

அடுத்த திங்கக்கிழமை மீட்டிங்ல மேடம் எடுத்த எடுப்புலயே, "மாதேஸ்வரி மெயிலை எல்லாரும் பாத்திருப்பீங்க. பொதுப் பிரதியையே திறந்து பாத்துடலாம்"னு சொல்லி ஸ்கிரீன்ல போட்டாங்க.

ஊர்ப் பேரு பேட்ச். எழுதினவர்: மாதேஸ்வரி. ஒட்டினவர்: ரூபன்.

அரை டிக்கெட். எழுதினவர்: மாதேஸ்வரி. மேடம் ஒண்ணொண்ணா இறக்கிக்கிட்டே போனாங்க. எல்லாத்துலயும் என் பேரு. என் இனிஷியல்கூட இருக்கு. யாரோ ஒருத்தர் மைக்கை அணைக்க மறந்துட்டுச் சிரிச்சாங்க.

"உங்க ஃபோல்டர்ல வேற மாதிரி இருக்கே, எப்படி?"ன்னு மேடம் கேட்டாங்க. அப்ப அந்த வட்டம் மின்னுச்சு. ரூபன் சார் பேசினாரு. "மேடம், அது என் ஷீட்டுல உள்ள தப்பு. பேரு வர்ற எடத்துல உங்க பேரைப் போடுங்கன்னு எழுதாம என் பேரையே விட்டுட்டேன். அவங்க அதையே அடிச்சிருக்காங்க. ஃபைல் என் பேர்ல வந்துச்சு. நான் ஒட்டுறப்ப மாத்தி ஒட்டிட்டேன். அவ்வளவுதான்." மேடம், "ஒவ்வொரு தடவையுமா?"ன்னாங்க. "ஆமா மேடம்." "அவங்ககிட்ட சொல்லலையா?" "ஒருதடவை கேட்டேன். சரியா இருக்குன்னாங்க. புதுசு, பயப்படுவாங்கன்னு விட்டுட்டேன். என் தப்புதான்."

இப்ப நீங்க சொல்லுங்கக்கா. சொல்லியிருக்கலாம்ல? 'அம்மா மாதேஸ்வரி, நீ உன் மெஷின்ல என் பேரை வெச்சிருக்க'ன்னு ஒரு வரி. ஆறு மாசம் ஒரு மனுசன் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, தன் பேரை அழிச்சு, என் பேரை அடிச்சு ஒட்டுவாரா? என்ன அவசியம்? எனக்கு நல்லது பண்றதா நெனைச்சு என்னை எல்லாரு முன்னாடியும் முட்டாளாக்கிட்டாரு. பயப்படுவேன்னு அவரே எப்படி முடிவு பண்ணலாம்? நான் என்ன சின்னப் புள்ளையா? ஒருத்தர் தப்புப் பண்றாங்கன்னு தெரிஞ்சா முகத்துக்கு நேரா சொல்றதுதானே மரியாதை?

மன்னிப்பா? கேக்க நான் தயார்தான். எழுதிக்கூட வெச்சேன். ஆனா புகார் எல்லாருக்கும் போச்சு, மன்னிப்பு மட்டும் அவருக்குத் தனியாப் போனா நியாயமில்ல, எல்லாருக்கும் போகணும். மேடம்கிட்ட கேட்டா, "போதும் மாதேஸ்வரி, இதோட விடுங்க"ன்னாங்க. சரின்னு விட்டுட்டேன். அந்த மெயில் அப்படியே அனுப்பாம இருக்கு. அப்பப்ப திறந்து ஒரு வார்த்தை மாத்துவேன்.

என்னை நிரந்தரமாக்கிட்டாங்க. ரூபன் சாரே எழுதிக் குடுத்தாராம். மெஷின்ல பேரையும் அன்னைக்கே மாத்திட்டேன். அம்மா எல்லாருக்கும் சாக்லெட் குடுத்துச்சு, கம்பெனியில கொட்டை நீக்குறவங்க அத்தனை பேருக்கும்.

வேலை முன்ன மாதிரியேதான் போச்சு. நான் பேட்ச் அனுப்புவேன், அவரு திருத்தி அனுப்புவாரு இல்லைன்னா ஒட்டுவாரு. ஆனா மூணு கோட்டுக்குக் கீழ மட்டும் ஒண்ணும் இருக்காது. வெறுமனே இருக்கும். 'ஒட்டியாச்சு'ன்னு ஒத்தை வார்த்தை பதில். எனக்கு அது வசதியாத்தான் இருந்துச்சு, படிக்க வேண்டியது கம்மி. ஆனா ஃபைல் வந்தா முதல்ல அங்கதான் போய்ப் பாப்பேன். பழக்கம். ஒண்ணும் இருக்காது. அப்புறம் மேல வந்து வேலையைப் பாப்பேன். ஒருநாள் சென்னையில பயங்கர மழைன்னு நியூஸ்ல போட்டான். அன்னைக்கு ஃபைல்ல ஏதாவது இருக்கும்னு நெனைச்சேன். இல்ல.

நான் எழுதியிருக்கலாமேன்னா? நான் என்னத்தை எழுத? அவருதானே எழுதுவாரு.

போன மாசம் சொன்னாங்க, ரூபன் சார் வேலையை விடுறாருன்னு. பெங்களூர்ல வேற கம்பெனி. இன்னைக்குத்தான் கடைசி நாள். இப்ப மணி என்ன? அஞ்சே முக்காலா? ஆறு மணியோட அவரு மெயிலை மூடிடுவாங்க. இல்லக்கா, அதுக்காக அடிக்கடி போனைப் பாக்கல. சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு பாத்தேன்.

இன்னைக்கு மத்தியானம் அவருகிட்டருந்து ஒரு பேட்ச் வந்துச்சு. கடைசிப் பேட்ச். யாரெல்லாம் பாத்து ஒட்டலாம்னு பொறுப்புல இருக்கிறவங்க பேரு எழுதின ஒரு ஃபைல் உண்டு. அதுல அவரு பேரு இருந்த வரியை எடுத்துட்டு, அங்க என் பேரைப் போட்டிருந்தாரு. ஒட்டுற அனுமதி எனக்குக் காலைலதான் வந்துச்சு. அவரே ஒட்டியிருக்கலாம். எனக்கு அனுப்பினாரு. நான் முதல் முதல்ல ஒட்டப் போறது அதுதான்.

பழக்கத்துல முதல்ல மூணு கோட்டுக்குக் கீழ போனேன். இருந்துச்சுங்கக்கா. ஒரு வரி இருந்துச்சு. 'பேர் சரியா இருக்கான்னு ஒருதடவை பாத்துக்கோங்க.'

நான் அப்படியே மேல போய்ப் பாத்தேன். பாத்தா, எழுதினவர்னு இருக்கிற எடத்துல ரூபன் இல்ல. மாதேஸ்வரின்னு இருக்கு. என் இனிஷியலோட.

எப்படி வந்துச்சுன்னு யோசிச்சேன். ஆறு மாசம் என் பேரையே அடிச்சு அடிச்சு, அவரு மெஷின்ல எங்கயோ அது தங்கிப் போச்சு போல. கடைசி நாள் அவசரத்துல கவனிக்கல. பாவம். எவ்வளவு கவனமான ஆளு, அவருக்கே இப்படி. அப்படியே ஒட்டினா, நானே என் பேரை எழுதி, நானே ஒட்டிக்கிட்ட மாதிரி ஆயிடும். அது பொய். அழிக்கவும் முடியாது. அதனால ஃபைலைத் திறந்தேன். என் பேரை அழிச்சேன். ரூபன்னு அடிச்சேன். அவரு மெயில் ஐடியை அடிச்சேன், அது எனக்கு மனப்பாடம். ஒட்டினேன்.

இப்ப அங்க போய்ப் பாத்தீங்கன்னா, எழுதினவர்: ரூபன். ஒட்டினவர்: மாதேஸ்வரி. மத்த எல்லாத்துலயும் தலைகீழா இருக்கும். இதுல மட்டும் இப்படி. கீழ இருந்த வரி உதிர்ந்துடுச்சு. அது சேராதுன்னு சொன்னேன்ல.

அவருகிட்டயா? சொல்லலக்கா. எதுக்குச் சொல்லணும்? போற நாள்ல 'சார், நீங்க தப்பாப் போட்டுட்டீங்க'ன்னா சங்கடமா இருக்காதா? நானே மாத்திட்டேன், அவ்வளவுதான்.

ஏன்க்கா அப்படிப் பாக்கறீங்க?

போன் நம்பர் இருக்கு. அந்த முதல் நாள் ஷீட்டுலயே அடியில போட்டிருந்தாரு. 'எந்தச் சந்தேகம்னாலும் கூப்பிடுங்க'ன்னு. எனக்குத்தான் சந்தேகம் எதுவும் வரலையே.

இந்த ஓரத்துல சிக்னல் வருதா உங்களுக்கு? எனக்கு ஒரு கோடுதான் காட்டுது. மெயில் வந்திருந்தாலும் தெரியாது. சங்ககிரி வந்துடுச்சு பாருங்க, பையை எடுத்துக்கோங்க. கடலை குடுங்க ஒரு கை, வேணாம்னு சொல்லிட்டேன், பசிக்குது.

பதிலா? போட்டேன்க்கா. அவரு பேரு சரியான்னு பாக்கச் சொன்னாருல்ல, பதில் போடாம இருப்பேனா. வேற என்ன எழுதறதுன்னு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். பஸ்சுக்கு நேரமாச்சு.

'பாத்துட்டேன் சார். சரியா இருக்கு'ன்னு போட்டேன்.